கயிறும் நகரவில்லை, ஆளும் நகரவில்லை: பல பிட்ச் பாறையில் சுயமீட்பு

சிங்கப்பூரின் மிக உயரமான குன்று புக்கிட் தீமா. உயரம் 163 மீட்டர். அதன் மடியில், டெய்ரி ஃபார்மில், கல்லுடைத்த பழைய குழியின் கருங்கல் சுவர் ஒன்று நமக்கு வாய்த்திருக்கிறது. ஏறிப் பழகுகிறவர்களுக்கு அது தாய்வீடு. ஆனால் ஒரு கயிறு நீளம் (அதுதான் ஒரு பிட்ச்) ஏறி, நம்மைப் பாறையோடு கட்டி நிறுத்தும் ஆங்கர் போட்டு நின்று, மறுபடி ஏறி, மறுபடி ஆங்கர் போட்டு, இப்படிப் பிட்ச் பிட்சாக நாள் முழுக்க மேலே போக வேண்டுமானால் தீவைவிட்டு வெளியே போகத்தான் வேண்டும். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைக் கடந்து பத்துமலைப் பக்கம் போகிறோம். முருகனைப் பார்க்க 272 படி ஏறுகிறவர்கள் ஒரு பக்கம், தோளில் கயிற்றோடு நாம் இன்னொரு பக்கம். விடுமுறை நீண்டால் தாய்லாந்தின் கிராபிக்கு விமானம் ஏறுகிறோம்.

நாம் பழகுவது உள்ளரங்கச் சுவரில். அங்கே எது தவறினாலும் ஒரே மருந்துதான்: ஆளைக் கீழே இறக்கு. தரை எப்போதும் கயிற்றுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. மூன்றாவது பிட்சில் அந்த மருந்து செல்லாது. இறக்கினாலும் கயிறு தரையைத் தொடாது. உதவிக்கு ஆள் வரும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது. கிராபியின் ரயிலே கடற்கரைக்குச் சாலையே கிடையாது, படகில்தான் போக வேண்டும். அதுவரை மேலே இருப்பது நீங்களும் உங்கள் துணையும் இடுப்பில் தொங்கும் நாலு பொருளும்தான்.

சுயமீட்பு, அதாவது வெளி உதவியின்றி நம்மை நாமே மீட்டுக்கொள்வது, என்றதும் பலர் முடிச்சுகளின் பட்டியலை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், பாறையில் அது கைகொடுக்கவில்லை. எந்தச் சிக்கலானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எடை இப்போது எதில் நிற்கிறது? அதை எதற்கு மாற்ற வேண்டும்? மாற்றுகிற அந்த நொடியில் அதைப் பிடித்திருக்கப்போவது எது? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கீழே வரும் ஒவ்வோர் அறிகுறிக்கும் இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டே படியுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இதைப் படித்தது மட்டும் போதும் என்று பாறைக்குப் போகாதீர்கள். தகுதியுள்ள ஒரு பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் செய்து பாருங்கள். இந்தக் கட்டுரை அந்தப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்க.

இடுப்பில் என்ன இருக்க வேண்டும்

6 மில்லிமீட்டர் நைலான் கயிற்றில் கட்டிய புரூசிக் வளையங்கள் (பெரிய கயிற்றில் சுற்றினால் எடை வரும்போது இறுகிப் பிடிப்பவை) இரண்டு. 7 மில்லிமீட்டரில் 6 மீட்டர் நீளத் துணைக்கயிறு ஒன்று. 120 சென்டிமீட்டர் ஸ்லிங் (தைத்த பட்டை வளையம்) ஒன்று. பேரிக்காய் வடிவத்தில் பெரிய வாய் கொண்ட, பூட்டுள்ள கராபினர் (கதவுள்ள உலோகக் கொக்கி) குறைந்தது மூன்று. மடக்குக் கத்தி, விசில், நெற்றி விளக்கு. இவ்வளவும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். பையின் அடியில் இருந்தால் இல்லாததற்குச் சமம். துணையிடமும் இதே அளவு தனியாக இருக்க வேண்டும். நீங்கள் அடிபட்டு மயங்கினால் உங்கள் இடுப்பிலிருந்து எடுத்துக்கொள்வார் என்று கணக்குப் போடக் கூடாது.

புரூசிக்குக்கு டைனீமா என்ற செயற்கை இழையாலான ஸ்லிங்கைப் பயன்படுத்தலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். டைனீமா வழுக்கும், நைலானைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே உருகும். உராய்வில் வேலை செய்கிற முடிச்சுக்கு இந்த இரண்டு குணமும் ஆகாது. சில காசு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

அறிகுறி: பிலே கருவி கைதவறிக் கீழே விழுந்துவிட்டது

துணை விழுந்தால் கயிற்றைப் பிடித்து நிறுத்துவது பிலே, அதற்கான கருவிதான் இது. அது கைதவறுவது மிகச் சாதாரணமாக நடப்பது. வியர்த்த கை, வேகமாக மாற்றும்போது ஒரு நழுவல், பிறகு பாறையில் மோதி மோதிக் கீழே போகும் சத்தம். பதற்றப்பட ஒன்றுமே இல்லை, முன்டர் முடிச்சு தெரிந்திருந்தால்.

பேரிக்காய் கராபினரைத் திறந்து கயிற்றை உள்ளே போடுங்கள். வெளியே தொங்கும் பகுதியில் ஒரு வளையத்தைத் திருப்பி எடுத்து, முதல் இழையைச் சுற்றி வருமாறு மறுபடி அதே கராபினரில் மாட்டுங்கள். பூட்டுங்கள். இப்போது கயிற்றை ஒரு பக்கம் இழுத்தால் முடிச்சு கராபினருக்குள் புரண்டு அந்தப் பக்கம் வரும். மறுபக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் புரளும். இப்படிப் புரண்டால்தான் அது முன்டர். புரளாவிட்டால் வேறு ஏதோ கட்டியிருக்கிறீர்கள், அவிழ்த்து மறுபடி போடுங்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. எடை தாங்கும் இழை கராபினரின் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். பிடிக்கும் இழை கதவின் மேல் உரசி ஓடினால் திருகுப் பூட்டைத் தானாகவே திறந்துவிடக்கூடும். இன்னொன்று, நாம் பழகிய கருவியில் கையைக் கீழே இழுத்தால் பிடிக்கும். முன்டரில் இரண்டு இழையும் ஒரே பக்கமாக, இணையாக இருக்கும்போதுதான் பிடி அதிகம். ஆங்கரிலிருந்து பின்வருபவரைக் காக்கும்போது கையைத் தொங்கும் எடையின் பக்கமே வைத்திருங்கள்.

இதே முடிச்சில் இரட்டைக் கயிற்றைச் சேர்த்துப் போட்டு ராப்பலும் (கயிற்றில் சறுக்கி இறங்குவது) செய்யலாம். கயிறு முறுக்கிக்கொள்ளும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அறிகுறி: மேலே போனவரின் குரல் கேட்கவில்லை

கடல் காற்றில் 30 மீட்டர் தூரத்துக் குரல் கரைந்துபோகும். மலையின் மூலை ஒன்று நடுவே வந்தால் 15 மீட்டரிலேயே போய்விடும். இதற்குத் தீர்வு தரையிலேயே முடிந்திருக்க வேண்டும். எந்த அழைப்புக்கு எத்தனை இழுப்பு என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள், அழைப்போடு பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்து வழியில் ஏறும் யாரோ கத்திய சொல்லை நம் துணை சொன்னதாக எடுத்துக்கொண்டு கயிற்றை விட்டுவிடுவது உண்மையான ஆபத்து.

ஒன்றுமே கேட்காவிட்டால்? பிலேயிலிருந்து கயிற்றை எடுக்காதீர்கள். மேலே கயிறு கேட்கக் கேட்க விட்டுக்கொண்டே இருங்கள். ஒரு கட்டத்தில் கயிறு முழுக்கத் தீர்ந்து உங்கள் இடுப்பு முடிச்சில் இறுகும். அப்படி இறுகி, விட்டு விட்டுச் சின்ன இழுப்பாக மேலே வாங்கப்பட்டால் மேலிருந்து பிலே பிடிக்கிறார் என்று பொருள். ஒரே சீராக நீண்டு இறுகினால் இன்னும் ஏறிக்கொண்டிருக்கலாம். காத்திருங்கள்.

அறிகுறி: பின்வருபவர் அந்தரத்தில் தொங்குகிறார், பாறை கைக்கு எட்டவில்லை

துருத்திய பாறையிலோ பக்கவாட்டு நகர்விலோ விழுந்தால் இப்படி ஆகும். அவருக்கு அடி இல்லை, பலம் இருக்கிறது, பிடிக்கத்தான் எதுவும் இல்லை. மேலே இருப்பவர் தூக்குவதைவிடத் தொங்குகிறவர் தானே ஏறுவது பலமடங்கு சுலபம். அதனால்தான் இரண்டு புரூசிக்கும் இருவரிடமும் இருக்க வேண்டும் என்றேன்.

முகத்துக்கு நேரே, இறுகி நிற்கும் கயிற்றில் முதல் புரூசிக்கை மூன்று சுற்றுச் சுற்றுங்கள். அதைப் பூட்டுள்ள கராபினரால் ஹார்னஸ் என்னும் இடுப்புப் பட்டையின் பிலே வளையத்தில் மாட்டுங்கள். அதற்குக் கீழே இரண்டாவது புரூசிக், அதில் 120 சென்டிமீட்டர் ஸ்லிங்கை மாட்டிக் காலுக்கு ஒரு மிதி. எழுந்து மிதியில் நில்லுங்கள். மேல் முடிச்சு தளரும், அதைத் தள்ளி உயர்த்துங்கள். உட்காருங்கள், எடை மேல் முடிச்சுக்குப் போகும். இப்போது கீழ் முடிச்சை உயர்த்துங்கள். நின்று, தள்ளி, உட்கார்ந்து, தள்ளி. புழு ஊர்வது போலத்தான் போகும். அவசரப்பட்டால் பத்து மீட்டருக்குள் கை சோர்ந்துவிடும்.

மூன்று மீட்டருக்கு ஒரு முறை, உங்களுக்குக் கீழே தொய்ந்து தொங்கும் கயிற்றில் எட்டு முடிச்சு ஒன்று போட்டு பிலே வளையத்தில் மாட்டுங்கள். புரூசிக் வழுக்கினால் இதுதான் பிடிக்கும். மூன்றாவது கேள்விக்குப் பதில் இந்த முடிச்சுதான்.

புரூசிக் வழுக்கினால் முதலில் பார்க்க வேண்டியது சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கின்றனவா என்பது. பாய் முடைந்தது போல வரிசையாகப் படிய வேண்டும். படிந்தும் வழுக்கினால் இன்னொரு சுற்று சேர்த்துக்கொள்ளுங்கள். புதுக் கயிறும் மழையில் நனைந்த கயிறும் கூடுதல் சுற்றுக் கேட்கும். மாறாக, இறுகிப்போய் நகர மறுத்தால் முடிச்சின் முதுகில் குறுக்கே ஓடும் அந்த ஒற்றை வளைவைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளித் தளர்த்துங்கள். முழு முடிச்சையும் பிடித்து இழுத்துப் பயனில்லை. எடை நிற்கும்போது முடிச்சின் தலையைக் கையால் பற்றவே கூடாது. பற்றினால் அது நகரும், நகர்ந்தால் சூடாகும், சூடானால் பிடிக்காது. விழுகிற மனிதரின் கை தானாக அதைத்தான் இறுகப் பற்றும் என்பதால், பயிற்சியில் கையை முடிச்சுக்குக் கீழேயே வைத்துப் பழக வேண்டும்.

அறிகுறி: பின்வருபவரை இறக்க வேண்டும், ஆனால் கருவி பூட்டிக்கொண்டது

ஆங்கரில் நேரடியாக மாட்டி, பின்வருபவரின் எடையில் தானே பூட்டிக்கொள்ளும் முறை பல பிட்ச் ஏற்றத்தில் வழக்கமாகிவிட்டது. நல்ல முறைதான். ஆனால் இழுப்பதற்கு இருக்கிற சுலபம் இறக்குவதற்கு இல்லை. "அக்கா, ஒரு மீட்டர் இறக்குங்கள்" என்று கீழிருந்து குரல் வரும்போதுதான் இது உறைக்கும்.

முதலில் கேளுங்கள்: ஏதாவது விளிம்பில் ஒரு நொடி நிற்க முடியுமா? முடிந்தால் எடை போய்விடும், முன்டருக்கு மாற்றிக்கொண்டு நிதானமாக இறக்கலாம். சில சென்டிமீட்டர் போதுமென்றால், கருவிக்குள் கயிற்றைத் தாங்கும் கராபினரை மேலும் கீழும் ஆட்டினால் கயிறு கொஞ்சம் கொஞ்சமாக நழுவும்.

நீளமாக இறக்க வேண்டுமானால் கருவியின் சின்னத் துளையில் மெல்லிய ஸ்லிங்கைக் கோத்து, ஆங்கரின் உயரமான இடம் ஒன்றில் திருப்பி, உங்கள் ஹார்னஸில் மாட்டி, உடம்பை மெல்லச் சாய்த்து எடை கொடுக்க வேண்டும். இங்கேதான் விபத்து நடக்கிறது. கருவி கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதில்லை. எதுவும் ஆகாததுபோல நின்று, சட்டென்று முழுவதுமாகத் திறந்துவிடும். ஆகவே சாய்வதற்கு முன்பே பிடிக்கும் இழையை ஆங்கரின் வேறொரு கராபினரில் முன்டர் போட்டுக் கையில் வைத்திருங்கள். அந்த முன்டர் இல்லாமல் அந்தத் துளையைத் தொடாதீர்கள்.

என் சொந்தப் பழக்கம்: அந்தரத்தில் தொங்க வாய்ப்புள்ள பிட்ச் என்று தெரிந்தால், பின்வருபவரை ஆரம்பத்திலிருந்தே முன்டரில்தான் பிடிக்கிறேன்.

அறிகுறி: முன்னேறுபவர் விழுந்துவிட்டார், கூப்பிட்டால் பதில் இல்லை

எல்லாரும் அஞ்சுவது இதைத்தான், மிகையாகச் சிக்கலாக்கிக்கொள்வதும் இதைத்தான்.

கயிற்றின் நடு அடையாளத்தைப் பாருங்கள். அது இன்னும் உங்கள் பக்கமே இருந்தால் பாதிக் கயிறுகூடச் செலவாகவில்லை. 60 மீட்டர் கயிற்றில் அவர் 30 மீட்டருக்குள்தான் இருக்கிறார். அவரை உங்களிடமே இறக்கிவிடலாம். இறக்குங்கள். வேறெந்தச் சாமர்த்தியமும் வேண்டாம். சுயநினைவின்றி ஹார்னஸில் அசையாமல் தொங்குவதே உயிருக்கு ஆபத்து, அதற்கு மணிக்கணக்கு ஆக வேண்டியதில்லை. சமமான இடத்துக்குக் கொண்டுவந்து, மூச்சுப் பாதையைப் பார்த்து, படுக்க வையுங்கள். தொங்கியவரை உட்கார்ந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை இன்னும் உலவுகிறது, அதைப் பின்பற்ற வேண்டாம்.

பாதிக்கு மேல் கயிறு போய்விட்டது, இறக்க வழியில்லை என்றால்தான் பிலேயிலிருந்து நீங்கள் விடுபட வேண்டும். முதல் படி கையை விடுவிப்பது. பிடிக்கும் கையை விடாமலே, பிடிக்கும் இழையில் ஒரு வளையம் எடுத்துக் கருவியின் கராபினருக்குள் செலுத்தி, எடை நிற்கும் இழையைச் சுற்றி, எடை நிற்கும்போதே அவிழ்க்கக்கூடிய மியூல் முடிச்சுப் போடுங்கள். அதன் மேல் ஒரு சாதாரண முடிச்சுப் போட்டுக் காப்பு. இப்போது இரண்டு கையும் உங்களுடையவை. இந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விடுங்கள், கத்திக் கூப்பிடுங்கள், விசில் அடியுங்கள், தொலைபேசியை எடுங்கள். மலேசியாவில் 999, தாய்லாந்தில் மருத்துவ அவசரத்துக்கு 1669, இங்கே 995. பல நேரம் செய்ய வேண்டியது இதோடு முடிந்துவிடும்.

இன்னும் போக வேண்டுமானால் எடையை உங்கள் இடுப்பிலிருந்து ஆங்கருக்கு மாற்ற வேண்டும். எடை நிற்கும் இழையில் ஒரு புரூசிக் போடுங்கள். 7 மில்லிமீட்டர் துணைக்கயிற்றை அதில் கட்டி, மறுமுனையை ஆங்கரில் முன்டர் போட்டு, மியூலும் காப்பு முடிச்சும் போட்டுப் பூட்டுங்கள். கருவியில் போட்ட மியூலை அவிழ்த்து, மெல்ல, மிக மெல்ல, கயிற்றை விடுங்கள். புரூசிக் இழுபட்டு இறுகும். உங்கள் இடுப்பு லேசாகும். இது மாறுகிற கணத்தை உடம்பே சொல்லும். ஆனால் கருவியை இன்னும் கழற்றாதீர்கள். ஒற்றைப் புரூசிக்கில் ஒரு மனித உயிர் நிற்கக் கூடாது. பிடிக்கும் பக்கத்துக் கயிற்றையே ஆங்கரில் இன்னொரு முன்டர், மியூல் போட்டுக் கட்டிய பிறகுதான் கருவியை எடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. முன்னேறுபவர் விழும்போது கயிறு உங்களை மேல்நோக்கி இழுக்கிறது. ஆங்கரோ கீழ்நோக்கிய இழுப்புக்காகப் போட்டது. போல்ட் என்றால் கவலை குறைவு. விரிசலில் செருகிய கருவிகளானால் மேல்நோக்கி இழுத்தால் கழன்று வரலாம். மேல் இழுப்பையும் தாங்கும் ஒன்று ஆங்கரில் இருக்கிறதா என்று மாற்றுவதற்கு முன் பாருங்கள்.

விடுபட்ட பிறகு அவரிடம் ஏறிப் போவது தனிக் கலை. நீங்கள் அந்தக் கயிற்றில் ஏறினால், அவரைப் பிடித்து நிறுத்திய அதே ஒற்றை மேல்புள்ளி உங்கள் எடையையும் சேர்த்துத் தாங்க வேண்டும். பயிற்றுநரோடு பலமுறை செய்யாதவர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டாம். கீழே இன்னொரு குழு இருந்தால் அவர்களை அழையுங்கள்.

அறிகுறி: இழுவை அமைத்தும் ஆள் ஒரு சாண்கூட உயரவில்லை

மூன்றுக்கு ஒன்று இழுவை என்பது காகிதத்தில்தான் மூன்று மடங்கு. கயிறு கராபினரில் வளையும் ஒவ்வோர் இடத்திலும் உராய்வு பலத்தைத் தின்றுவிடும். இரண்டு மடங்கு கிடைத்தால் பெரிது. பாறை விளிம்பில் கயிறு உரசினால் அதுவும் போச்சு. 70 கிலோ மனிதருக்கு 35 கிலோவுக்கு மேலான இழுப்பு என்று மனதில் வையுங்கள். அவர் ஒரு மீட்டர் உயர நீங்கள் மூன்று மீட்டர் கயிறு வாங்க வேண்டும்.

கப்பி ஒன்றே ஒன்று இருந்தால் அதைப் புரூசிக்கின் கராபினர் இருக்கும் இடத்தில், அதாவது உங்கள் கைக்கு மிக அருகில் உள்ள வளைவில் போடுங்கள். கையால் இழுக்காமல், கயிற்றில் ஒரு புரூசிக் போட்டு ஹார்னஸில் மாட்டிக் கால்களை நிமிர்த்தித் தள்ளுங்கள். கையைவிடத் தொடை வலுவானது. கீழே இருப்பவரின் கை வேலை செய்தால் ஒரு வளையத்தை இறக்கிக் கொடுத்து அவரையும் இழுக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், தூக்குவதை நான் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன். இறக்க முடியுமானால் இறக்குவதுதான் நல்லது.

அறிகுறி: ராப்பல் முடிந்தது, கயிறு இறங்கி வரவில்லை

கிராபியில் ஒரு மாலை. நான்கு பிட்ச் ஏறி முடித்து, நானும் தம்பியும் இறங்கிக்கொண்டிருந்தோம். கடைசிக்கு முந்திய ஆங்கரில் நின்று கயிற்றை இழுத்தோம். ஐந்தாறு மீட்டர் சீராக வந்தது, பிறகு நின்றது. இருவரும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. கடல் செம்மை மாறிக் கறுத்துக்கொண்டிருந்தது, கீழே கடைசிப் படகுகளின் மோட்டார் சத்தம். தம்பி தலையை நிமிர்த்தி மேலே போய்க்கொண்டிருந்த இழையைப் பார்த்தான். "அக்கா, நுனி முடிச்சை நான் அவிழ்க்கவில்லை" என்றான்.

கயிற்று நுனியில் முடிச்சுப் போடுவது நல்ல பழக்கம், நுனி தாண்டி விழாமல் காக்கும். அதை இழுப்பதற்கு முன் அவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான். அன்று முடிச்சு எங்கள் தலைக்கு மேல் எட்டாத உயரம்வரை போய் ஒரு சுண்ணாம்புப் பிளவில் மாட்டியிருந்தது. நுனி கைவிட்டுப் போயிருந்தாலும், கையில் இருந்த இழையை மேலும் இழுத்து இறுக்காததால் பிழைத்தோம். நான் பாறையிலிருந்து ஆங்கர் நீளம் மட்டும் விலகிப் பக்கவாட்டில் சாய்ந்து, கயிற்றைச் சாட்டை சொடுக்குவது போல அலையலையாகச் சொடுக்கினேன். பதினைந்து இருபது முறைக்குப் பிறகு முடிச்சு கழன்று வந்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு நடைமுறை: இழுப்பவர் இரண்டு நுனியையும் மற்றவர் கையில் தொட்டுக் காட்டி, "முடிச்சு இல்லை" என்று சத்தமாகச் சொன்ன பிறகே இழுக்க வேண்டும்.

சொடுக்கியும் வரவில்லை என்றால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: இரண்டு இழையும் கைக்கு எட்டுகின்றனவா?

எட்டினால், இரண்டையும் சேர்த்துப் புரூசிக் சுற்றி மேலே ஏறலாம். கயிறு மேல் ஆங்கரின் வளையத்தில் ஓடுவதால் இரண்டையும் சேர்த்துப் பிடித்தவரை அது தாங்கும். முன்பு சொன்னபடி காப்பு முடிச்சுகள் போட்டுக்கொண்டு போய், சிக்கலை அவிழ்த்து, கயிற்றை வேறு கோணத்தில் போட்டு இறங்குங்கள்.

ஒரே இழைதான் எட்டுகிறது என்றால் அதில் ஏறாதீர்கள். மேலே அதைப் பிடித்திருப்பது ஒரு கல் இடுக்காக இருக்கலாம், ஒரு செடியின் வேராக இருக்கலாம். இழுத்தபோது வரவில்லை என்பது தொங்கினாலும் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது. கைக்கு வந்திருக்கும் கயிற்றை வைத்து, துணை பிலே பிடிக்க, வழக்கம்போல போல்ட்டில் மாட்டி மாட்டி ஏறுங்கள். ஏற முடியாத பாறையானால் எட்டிய கயிற்றை வெட்டி, உள்ள நீளத்தில் குட்டிக் குட்டி ராப்பலாக இறங்குங்கள், வழியில் ஆங்கர் இருந்தால். அதுவும் இல்லையென்றால் கட்டிக்கொண்டு நின்று உதவிக்கு அழையுங்கள். இரவைப் பாறையில் கழிப்பது கொடுமைதான், ஆனால் வெப்பமண்டலத்தில் அது பிழைக்கக்கூடிய கொடுமை.

முதலில் இறங்குபவர் கீழே போனதும் ஓரிரு மீட்டர் இழுத்துப் பார்த்துவிட்டால், மேலே இன்னும் ஒருவர் இருக்கும்போதே இந்தச் சிக்கல் பாதி தெரிந்துவிடும். மறக்காமல் செய்யுங்கள். எந்த இழையை இழுக்க வேண்டும் என்பதையும் மேலே இருக்கும்போதே நிறம் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடலோரத்தில் இன்னொன்று. ராப்பல் ஆங்கரின் உலோகத்தைப் பாருங்கள். கிராபியின் கடற்காற்றும் சுண்ணாம்பும் சேர்ந்து எவர்சில்வர் போல்ட்டுகளையே உள்ளுக்குள் விரிசல்விட வைத்திருக்கின்றன. அதனால்தான் அங்கே டைட்டானியம் போல்ட்டுகளைப் பசை வைத்துப் பதிக்கிறார்கள். வெளியே பளபளப்பாகத் தெரிகிறது என்பதை மட்டும் நம்பி எடையைக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: ராப்பல் நடுவே சட்டையோ முடியோ கருவிக்குள் போய்விட்டது

கத்தியை எடுக்காதீர்கள். எடை தாங்கி இறுகிய கயிறு, கத்தி பட்ட மாத்திரத்தில் அறுந்துவிடும். கருவிக்குக் கீழே உள்ள கயிற்றைத் தொடையில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி நிறுத்துங்கள். கருவிக்கு மேலே புரூசிக் போட்டு, மிதி மாட்டி, எழுந்து நில்லுங்கள். கருவி தளர்ந்ததும் மெல்ல உருவி எடுக்கலாம். கருவியை ஒரு ஸ்லிங்கில் நெஞ்சுக்கு நேரே நீட்டி மாட்டி, அதற்குக் கீழே உராய்வு முடிச்சு ஒன்றைக் காப்பாக வைத்திருந்தால் கையை விட்டாலும் நின்றுவிடும். நீண்ட பின்னல் உள்ள பெண்களுக்கு: பின்னலைச் சட்டைக்குள் செருகிவிட்டே இறங்குங்கள். துப்பட்டாவும் கழுத்துச் சங்கிலியும் அறையிலேயே இருக்கட்டும்.

அறிகுறி: கயிற்றின் உறை கிழிந்து வெள்ளை இழை தெரிகிறது

அந்த இடம் வளையத்துக்குள் போகுமாறு பட்டாம்பூச்சி முடிச்சுப் போடுங்கள். காயம்பட்ட பகுதி எடை தாங்காமல் ஒதுங்கிவிடும். அன்றைக்கு ஏற்றம் முடிந்தது, இறங்கும் வேலையை மட்டும் பாருங்கள்.

அறிகுறி: வகுப்பில் தெரிந்தது, பாறையில் கை மறந்துவிட்டது

இது எல்லாருக்கும் நடக்கும். ஒரு முறை கற்றது மூன்று மாதத்தில் கையிலிருந்து போய்விடுகிறது. நம் ஊரில் பல பிட்ச் பாறை இல்லை என்பதால் இடைவெளி இன்னும் நீளம். இதற்கு நான் கண்ட வழி பத்துக் கிலோ அரிசிப் பை.

தேக்கா பக்கம் வாங்கிய அரிசிப் பையை ஒரு பழைய முதுகுப்பைக்குள் வைத்து, வீட்டுக் கதவுச் சட்டத்தில் பொருத்திய உடற்பயிற்சிக் கம்பியிலிருந்து தொங்கவிட்டேன், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். பை பிலேயில் தொங்குகிறது. கம்பியில் மாட்டிய இன்னொரு கராபினர்தான் ஆங்கர். மியூல், புரூசிக், முன்டர், மாற்று, காப்பு, கருவியை எடு. தவறினால் பை தொப்பென்று விழும். வீவக அடுக்குமாடி வீட்டில் கீழ்வீட்டுக்காரரையும் நினைக்க வேண்டுமல்லவா, அதனால் அடியில் மடித்த மெத்தை. அம்மா முதல் நாள் கதவருகே நின்று பார்த்துவிட்டு, "சோறாக்குகிற அரிசியை இப்படிப் போட்டு வதைக்கிறாயே" என்று கடிந்துகொண்டார். இப்போது அவரே, "இன்றைக்கு விழவில்லையா?" என்று கேட்கிறார்.

பை விழாமல் பத்து முறை தொடர்ந்து வந்த பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யுங்கள். பிறகு கையை நனைத்துக்கொண்டு. பிறகு இடது கையால் மட்டும், ஏனெனில் அடிபடுவது எந்தக் கை என்று முன்கூட்டித் தெரியாது. அடுத்த படி பயிற்றுநரோடு டெய்ரி ஃபார்ம், அங்கே பைக்குப் பதில் உயிருள்ள ஆள், தரையிலிருந்து அரை மீட்டர். தம்பியும் நானும் ஒவ்வொரு பயணத்துக்கும் முந்திய வாரம் இதை முழுக்க ஒரு சுற்று செய்கிறோம். போன முறை அவன் கண்ணைக் கட்டிக்கொண்டு எல்லா முடிச்சையும் போட்டு முடித்து, கருவியைக் கழற்றக் கை வைத்தவன் நின்றான். ஆங்கரின் கராபினரைத் தடவி, பூட்டைத் திருகிப் பார்த்தான். அது பூட்டாமல் இருந்தது. பூட்டிவிட்டுத்தான் கருவியைக் கழற்றினான்.